பெரியப்பா மட்டும் இறங்கிய ரயில்

கோவை ஜங்ஷனில் அந்த ரயில் வந்து நின்றபோது பெரியப்பா மட்டும்தான் இறங்கினார். தலையில் குரங்குக் குல்லா, தோளில் சால்வை, கையில் ஒரே ஒரு பை. பின்னாலேயே பெரியம்மா இறங்குவாள் என்று நான் பெட்டியின் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றேன். எல்லோரும் இறங்கி முடிந்து, துடைப்பத்தோடு ஒருவர் உள்ளே ஏறிவிட்டார். "பெரிம்மா எங்கீங்க பெரிப்பா?" என்று கேட்டேன். "வரல" என்றார். ஆட்டோவில் ஆர்.எஸ்.புரம் வந்து சேர்ந்தோம். வீட்டைத் திறந்து, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துச் சொன்னார்: "அவ ஜபல்பூர்ல இருக்கறா. இன்னும் கொஞ்சம் பாத்துப்போட்டு வாராளாமா."

பெரியம்மா என் அம்மாவின் அக்கா. பெரியப்பா சூலூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் ஸ்டோர்ஸ் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. எனக்கு ஆர்.எஸ்.புரத்தில் ஒரு கிளினிக்கில் வேலை கிடைத்ததால், காரமடையிலிருந்து தினம் பஸ்ஸில் அலைய வேண்டாமென்று அவர்கள் வீட்டிலேயே தங்கியிருந்தேன். ஊர் சுற்றும் ஆசையெல்லாம் பெரியப்பாவுடையது. மில்லில் இருந்த காலம் முழுக்க, ரிட்டயர் ஆனதும் நாடு பூராவும் ரயிலில் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு எந்த வண்டி என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். பெரியம்மாவுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. அவள் பார்த்திருந்த வெளியூர்கள் பழனியும் ஊட்டியும். காந்திபுரத்துக்குப் பஸ் ஏறுவதற்கே, "போயிட்டு வரட்டுங்களா?" என்று பெரியப்பாவிடம் கேட்டுவிட்டுத்தான் முந்தானையைச் சரிசெய்வாள். தீபாவளி முடிந்து இருவரும் கிளம்பியபோது அவள் முகத்தில் இருந்தது பயம்தான். குழம்புப் பொடி, ஊறுகாய், பருப்புப் பொடி என்று ஒரு பை நிறைய எடுத்துக்கொண்டு, என் கையைப் பிடித்தபடி, "கும்பிட்டுக்க சாமி, நல்லபடியா வந்து சேரோணும்" என்றாள்.

போன இடத்தில் நடந்தது வேறு. பெரியப்பா முதலில் என்னிடம் சொன்னபடி, அவருக்கு வயிறு கெட்டது உண்மைதான். ஆனால் வயிறு அவரைத் திருப்பி அனுப்பவில்லை. மில்லில் அவர் நடந்து போனால் எதிரில் வருகிறவர்கள் ஓரமாக நிற்பார்கள். கடைவீதியில் "ஏனுங்க சார், சௌக்கியங்களா?" என்று ஒரு குரலாவது கேட்கும். நாகபுரியிலும் ஜபல்பூரிலும் அவரைத் தோளால் இடித்துக்கொண்டு போனார்கள். லாட்ஜில் ஒரு பையன் "தள்ளி நில்" என்று கையைக் காட்டியிருக்கிறான். இதையெல்லாம் அவர் பல மாதங்கள் கழித்துத்தான் என்னிடம் சொன்னார். "யாருக்குமே என்னயத் தெரியல, அம்மணி" என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரல், நோயாளி டாக்டரிடம் வலிக்கும் இடத்தைக் காட்டுகிற குரலாக இருந்தது.

பெரியம்மாவின் முதல் வாய்ஸ் மெசேஜ் வந்த அன்று அதே வாக்கியத்தை நான் கேட்டிருந்தேன். "நான் நல்லாருக்கறேன் கண்ணு. இங்க நர்மதைனு ஒரு ஆறு. வெள்ளைச் சேலை கட்டிட்டு பொம்பளைங்க கூட்டங்கூட்டமா, ஆத்தையே சுத்திக் கும்பிடறதுக்கு, கரையோரம் நடந்தே போறாங்க. நானும் அவங்ககூடப் போறேன். போற ஊர்ல கூப்புட்டுச் சோறு போடறாங்க. யாருக்குமே என்னயத் தெரியல கண்ணு!" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சத்தமாகச் சிரித்து நான் கேட்டதில்லை.

பெரியப்பா அவளோடு போனில் பேசவில்லை. கூப்பிட்டால் எடுப்பதும் இல்லை. ஆனால் என் போனில் டிங் என்று சத்தம் வந்தால் பேப்பருக்குப் பின்னாலிருந்து, "யாரு?" என்பார். மெசேஜைப் போட்டுக் காட்டுவேன். முடிந்ததும், "காதுல சரியா உழல, இன்னொருக்கா போடு" என்பார். மூன்றாவது தடவையும் போடுவேன். ஒருநாள், "இந்தி ஒரு வார்த்தை தெரியாது அவளுக்கு. எப்படிப் பேசறாளாமா? கேளு" என்றார். கேட்டேன். பதில் மறுநாள் வந்தது. "அவங்களும் எல்லாத்துக்கும் 'ஜீ' போட்டுத்தான் பேசறாங்க கண்ணு, நாம 'ங்க' போடறாப்பல. அதக் கேட்டதும் பயம் போயிருச்சு. பெரியப்பாவ மாத்திரை மறக்காமப் போட்டுக்கச் சொல்லு." பெரியப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, எழுந்து போய் மாத்திரையை எடுத்துக்கொண்டார்.

வாக்கிங் போகும் இடத்தில், "என்னங்க, ஊட்ல அம்மணியக் காணோம்?" என்று கேட்டவர்களிடம், காரமடையில் அவள் அண்ணன் வீட்டில் இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த அண்ணனே, என் பெரிய மாமா, மகள் கல்யாணப் பத்திரிகையோடு ஒருநாள், வாக்கிங் முடித்து எல்லோரும் டீ குடிக்கும் பேக்கரி வாசலில் வந்து நின்று, "என்ற தங்கச்சி எங்கீங்க மாப்ள?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். பெரியப்பா டீ டம்ளரைக் கீழே வைத்தார். "அவ ஊர் சுத்திப் பாக்கப் போயிருக்கறா. ரெண்டு பேரும் போனோம். என்னால முடியல, வந்துட்டேன். அவளால முடியுது" என்றார். அன்று வீட்டுக்கு வந்து அவர் நன்றாகச் சாப்பிட்டார். அதற்குள் ரசமும் கத்தரிக்காய்க் குழம்பும் வைக்கப் பழகியிருந்தார். சோறு மட்டும் இன்னும் குழைந்துகொண்டிருந்தது.

அந்தக் கல்யாணத்துக்குப் பெரியம்மா வரவில்லை. அப்போது குஜராத்தில் கடலோரம் எங்கோ, ரயிலில் பழக்கமான ஒரு பெண்ணின் வீட்டில் காய்ச்சலோடு படுத்திருந்தாள். தகவல் சொன்னோம். மாமா நம்பவில்லை. "ஒரே தங்கச்சி, என்ற மக கல்யாணத்துக்கு வரலீன்னா, அவ எனக்குத் தங்கச்சியே இல்ல" என்று என் அம்மாவின் முன்னாலேயே சொன்னார். கோபத்தில், இன்னொரு தங்கையும் அங்கேயே நிற்கிறாள் என்பதைக்கூட மறந்துவிட்டார்.

ஆடி பிறந்து பெரியம்மா வந்து சேர்ந்தாள். வெயிலில் கறுத்து, இளைத்து, முடியைக் கழுத்தளவுக்கு வெட்டியிருந்தாள். பிளாட்பாரத்தில் பெரியப்பாவைப் பார்த்ததும், "சாப்புட்டீங்களா?" என்று கேட்டாள். "சாப்புட்டேன். நீ?" என்றார். அவ்வளவுதான். ஆனால் ஸ்டேஷனைவிட்டு வெளியே வரும்போது, எப்போதும் அவருக்குப் பின்னால் நடக்கிறவள் முன்னால் நடந்து போய் ஆட்டோ பேசினாள்.

நீண்ட பயணம் மனிதரைப் பெரிதாக மாற்றிவிடும் என்கிறார்கள். பெரியம்மாவிடம் நான் பார்த்த மாற்றம் ஒரு வாக்கியத்தின் முடிவில் இருந்தது. "வரட்டுங்களா?" போய், "போயிட்டு வாரேனுங்க" வந்திருந்தது. மரியாதையில் ஒரு எழுத்துக்கூடக் குறையவில்லை. கேள்வி மட்டும் காணாமல் போயிருந்தது. கதவைச் சாத்திவிட்டுத் தூங்க அவளால் முடியவில்லை. யார் வீட்டு நகை, யார் வீட்டுச் சீர் என்ற பேச்சு நடக்கும்போது, ரயில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவளைப்போல வெளியே பார்த்துக்கொண்டிருப்பாள். "எங்கக்கா பாதிதான் திரும்பி வந்திருக்கறா" என்று அம்மா சொல்வாள். மாசியில் காரமடைத் தேருக்குப் போனபோது, கூட்டத்தில் மாமா எதிரே வந்தார். "நல்லாருக்கறீங்களாண்ணா?" என்று இவள் கையைக் கூப்பினாள். அவர் கேட்காததுபோல் கடந்து போனார். திரும்பும் பஸ்ஸில் என் தோளில் சாய்ந்துகொண்டு சொன்னாள்: "போற எடமெல்லாம் ஊடாயிருச்சுனு நெனச்சேன் கண்ணு. பொறந்த ஊடு போயிருச்சு." மாமா கடைசிவரை பேசவில்லை.

பெரியப்பா இறந்து சில வருஷங்கள் ஆகிவிட்டன. பெரியம்மாவுக்கு இப்போது முழங்கால் தேய்ந்து, தெருமுனைக் கோயிலே தூரமாகிவிட்டது. கிளினிக் வேலையை விட்டு, நானும் கல்யாணமாகித் திருப்பூர் வந்துவிட்டேன். இங்கே பனியன் கம்பெனி வாசல்களில் ஒடியாவும் இந்தியும் பேசும் பெண்கள் கூட்டமாகப் போவதைப் பார்க்கும்போதெல்லாம் பெரியப்பா இருந்த காலத்து ஒரு மத்தியானம் எனக்கு நினைவுக்கு வரும்.

பெரியப்பாவோடு வேலை பார்த்த ஒருவர் கட்டிய புது வீட்டின் புண்ணியார்ச்சனைக்காக நானும் பெரியம்மாவும் சூலூர் போயிருந்தோம். திரும்பப் பஸ்ஸுக்கு நிற்கையில், இடுப்பில் குழந்தையும் காலடியில் மூட்டையுமாக ஒரு சின்னப் பெண், வந்து நிற்கிற ஒவ்வொரு பஸ்ஸிலும் எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள். கண்டக்டர்களுக்குப் புரியவில்லை, விசில் அடித்துவிட்டார்கள். நின்றிருந்தவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். அவள் மூட்டைமேல் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். பெரியம்மா போய் அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள், பட்டுச்சேலையோடு. உடைந்த இந்தியும் நடுநடுவே நம் தமிழுமாக ஏதேதோ பேச்சு. பிறகு குழந்தையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள். "இவங்க ஊட்டுக்காரர் திருப்பூர்ல கம்பெனியில இருக்கறாராமா. போன் செத்துப்போச்சு. நீ ஊட்டுக்குப் போ கண்ணு, பெரியப்பா தனியா இருப்பாங்க. நான் இவங்களக் கொண்டுபோய் உட்டுப்போட்டு வாரேன்" என்றாள்.

விளக்கு வைத்த பிறகுதான் வந்து சேர்ந்தாள். நான் வந்து விஷயத்தைச் சொன்னதிலிருந்து பெரியப்பா வாசலிலேயே நின்றிருந்தார். "யாரது? உனக்குத் தெரிஞ்சவங்களா?" என்று கேட்டார். கோபமில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"இல்லீங்க" என்றாள் பெரியம்மா. நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "ஜபல்பூர்ல நான் வரலைன்னு நின்னு, நீங்க ரயிலேறிப் போன பொறகு, நான் அங்கயே உக்காந்து அழுதுட்டிருந்தேனுங்க. எந்தப் பக்கம் போறதுன்னே தெரியல. கடலை விக்கற ஒரு பொம்பள கூடையக் கீழ வெச்சுட்டு வந்து பக்கத்துல உக்காந்தா. சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருந்தா. அவதான் என்னய அந்த வெள்ளைச்சேலைக்காரங்ககூடச் சேத்து உட்டா."

எனக்கு வந்த அத்தனை மெசேஜ்களிலும் இது இல்லை. பெரியப்பா அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அழுதியா? ஒரு வார்த்தை சொல்லலியே நீ."

"சொல்லியிருந்தா வந்து கூட்டிட்டுப் போயிருப்பீங்க."

"ஆமா, வந்திருப்பேன்" என்றார் பெரியப்பா. பிறகு சமையலறைக்குள் போய், ஆறிப்போயிருந்த ரசத்தை அடுப்பில் ஏற்றினார்.