உயிர் இருக்கிறது மக்காது

என் கணவருக்குக் குப்பை என்றால் அப்படி ஒரு பிரியம். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சனிக்கிழமை ஆனால் மற்ற வீட்டு அப்பாக்கள் பிள்ளைகளை மாலுக்கோ பீச்சுக்கோ கூட்டிப் போவார்கள். எங்கள் வீட்டில் அப்பாவும் மகளும் ஆளுக்கொரு வாளியைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போவார்கள். வாளியில் அந்த வாரத்துக் காய்கறித் தோல், டீத்தூள், முட்டை ஓடு. நான் மூக்கைப் பொத்திக்கொண்டு வழி விடுவேன்.

எங்கள் வீடு பம்மலில். மாடியில் நின்றால் திருநீர்மலை தெரியும். விமானங்கள் தலையை உரசுகிற மாதிரி இறங்கும். அங்கேதான் ஓட்டை போட்ட மண்பானைகளை வரிசையாக வைத்திருந்தார். காய்ந்த இலை ஒரு அடுக்கு, சமையலறைக் கழிவு ஒரு அடுக்கு, மேலே புளித்த மோர். கட்டின பெண்டாட்டிக்கு ஒரு டம்ளர் மோர் கலக்கித் தந்ததில்லை, குப்பைக்கு வாராவாரம் மோர். சொன்னால் சிரிப்பார்.

மகள் அப்போது இரண்டாம் வகுப்பு. அவர் கிழிந்த ஜீன்ஸைப் பையாகத் தைக்க உட்கார்ந்தால் இவள் ஊசியில் நூல் கோப்பாள். விதையை மண்ணில் உருட்டிக் காயவைத்து, மழைக்கு முன்னால் ஏரிக்கரையில் இரண்டு பேரும் எறிந்துவிட்டு வருவார்கள். அதில் எத்தனை முளைத்ததோ, ஆண்டவருக்குத்தான் வெளிச்சம். இதெல்லாம் போக, இவர்களுக்கென்று ஒரு விளையாட்டு. பஸ்ஸில், கடையில், சில சமயம் சர்ச்சில் பூசை நடுவிலேகூட. அவர் ஒரு பொருளைக் கண்ணால் காட்டுவார். இவள் 'மக்கும்', 'மக்காது' என்று கிசுகிசுப்பாள்.

"பிஸ்கட் கவர்?"

"மக்காது."

"வாழைப்பழத் தோல்?"

"மக்கும்."

"அம்மா?"

"அம்மா மக்கு."

இதற்கு ஒவ்வொரு தடவையும் அப்படி ஒரு சிரிப்பு. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பிறகு நானும் சிரித்துவிடுவேன்.

ஒருநாள் பானையைக் கிளறும்போது ஒரு உருளைக்கிழங்கு கிடைத்தது. சுற்றிலும் எல்லாம் கறுப்பாக மக்கிக் கிடக்க, அது மட்டும் வெள்ளையாக முளைவிட்டிருந்தது. "இது ஏம்ப்பா மக்கல?" என்று கேட்டாள். நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "இது குப்பை இல்லடா. உள்ள தூங்கிட்டு இருந்திருக்கு. உயிர் இருக்கிறது மக்காது. மண்ணுல வெச்சுத் தண்ணி ஊத்து, எழுந்து வந்துடும்." அவளும் தனித் தொட்டியில் நட்டுத் தண்ணீர் ஊற்றினாள். செடி வந்தது. கோலிக்குண்டு அளவில் கொஞ்சம் கிழங்கும் வந்தது. பொரியல் பண்ணினேன். ஆளுக்கு ஒரு வாய்கூடத் தேறவில்லை, ஆனால் அன்று அவள் பண்ணின அலட்டல் தாங்க முடியவில்லை.

அடுத்த கோடையில் அவர் போய்விட்டார். நாவலூரில் ஆபீஸ். காலையில் மீட்டிங்கில் இருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். போன் வந்து, ஆட்டோ பிடித்து, ரேடியல் ரோடு டிராஃபிக்கில் ஊர்ந்து நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்த ரோட்டை இன்றைக்கும் வாய்விட்டுத் திட்டுகிறேன்.

எங்கள் ஜனங்கள் 'செத்துப்போனார்' என்று சொல்லமாட்டார்கள். தவறிட்டார், போயிட்டார், ஆண்டவர் எடுத்துக்கிட்டார். நானும் அப்படித்தான் சொன்னேன். மேலேயும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன், பாருங்கள். தெருமுனையில் ஒட்டிய போஸ்டரில் அவர் படத்துக்குக் கீழே 'இறைவனில் துயில் கொண்டார்' என்று போட்டிருந்தார்கள். மகள் அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "துயில்னா என்ன அத்தை?" என்று என் நாத்தனாரிடம் கேட்டாள். நாத்தனார் இவருக்கு அக்கா, பள்ளிக்கூட டீச்சர். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தூக்கம்டா செல்லம். அப்பா தூங்குறாரு" என்றார். குழந்தைக்கு வேறென்ன சொல்வது என்றுதான் எனக்கும் பட்டது.

அவள் அழவில்லை. பெட்டியை இறக்கும்போதும் அழவில்லை. மாலைகளில் இருந்த ஜிகினாவையும் பிளாஸ்டிக் ரிப்பனையும் பிய்த்து, "இதெல்லாம் உள்ள போடாதீங்க, மக்காது" என்று குழிவெட்டியவரிடம் சொன்னாள். அவர் தலையாட்டி வாங்கி ஓரமாக வைத்தார். பார்த்த சொந்தக்காரர்கள் எல்லாம் தைரியசாலிப் பெண் என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அப்பாவென்றால் உயிரை விடுகிற பிள்ளை, ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லையே. ஒரு தடவை அழுது தீர்த்துவிட்டால் போதும் என்று வேண்டாத மாதாவில்லை.

சனிக்கிழமைகளில் அவருடைய வாளியை நான் தூக்கினேன். மோர் ஊற்றினேன். அவள் பானையைக் கிளறினாள், பாடினாள், பேசினாள். ஞாயிறு பூசை முடிந்ததும் கல்லறைக்குப் போவோம். மண்மேட்டின் தலைமாட்டில் உட்கார்ந்து, தன் ஸ்கூல் வாட்டர் பாட்டிலைத் திறந்து முழுத் தண்ணீரையும் நிதானமாக ஊற்றுவாள். ஒரு வாரம்கூடத் தவறவிடவில்லை. "அப்பாவுக்குத் தாகம் எடுக்கும்னு ஊத்துறா பாரு" என்று நாத்தனார் அவளைக் கட்டிக்கொள்வார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அக்டோபர் கடைசியில் கல்லறை கட்டுகிற பேச்சு வந்தது. கல்லறைத் திருநாளுக்கு ஊரே வந்து பூ வைத்து மெழுகுவர்த்தி ஏற்றும். "அன்னைக்கு என் தம்பி மட்டும் வெறும் மண்ணுக்குள்ள கிடக்கணுமா?" என்று நாத்தனார் கேட்டார். நியாயம்தானே. சரி என்றேன்.

மேஸ்திரி வந்து செங்கல் அடுக்கி, சிமெண்ட் கலவை போட ஆரம்பித்தார். மகள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "எதுக்கும்மா இது?" என்றாள். "அப்பா மேல போட" என்றேன். அவ்வளவுதான், பாட்டிலைக் கீழே போட்டுவிட்டு ஓடி, அந்த மண்மேட்டின் மேல் குப்புற விழுந்தாள். தூக்கப் போன மேஸ்திரியின் கையைக் கடித்துவிட்டாள்.

"போடாதீங்க. சிமெண்ட் போட்டா அப்பா எப்படி வெளிய வருவாரு? நான் தண்ணி ஊத்திட்டுத்தானே இருக்கேன்."

நான் ஆடிப்போய்விட்டேன். தூங்குகிறார். தூங்குவது உயிரோடு இருக்கிறது. உயிர் இருக்கிறது மக்காது. தண்ணீர் ஊற்றினால் எழுந்து வந்துவிடும். இத்தனை மாதமும் என் பிள்ளை காத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அதனால்தான் அழவில்லை. அவளுக்கு அழ என்ன இருந்தது?

நாத்தனார் ஓடிவந்து, "அப்பா மோட்சத்துல தூங்குறார்டா தங்கம்" என்று மறுபடி ஆரம்பித்தார். எனக்கு எங்கிருந்து அந்தக் கோபம் வந்ததோ. "அக்கா, தயவுசெஞ்சு சும்மா இருங்க" என்றேன். மண்ணோடு மண்ணாகக் கிடந்தவளை அள்ளிக்கொண்டு போய் மதிலோரம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன். முகமெல்லாம் மண். முந்தானையால் துடைத்தேன்.

"அப்பா தூங்கலடி" என்றேன். "செத்துப்போயிட்டாரு."

அந்த வார்த்தையை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்ன பிறகுதான் அது எனக்கும் உறைத்தது.

"உருளைக்கிழங்கு?"

"அதுல உயிர் இருந்துச்சு. அப்பாகிட்ட இல்ல."

"எல்லாரும் உயிர்த்தெழுவாங்கன்னு ஃபாதர் சொன்னாரே."

"அது கடைசி நாள்ல. அது எப்பன்னு யாருக்கும் தெரியாது. நீ தண்ணி ஊத்துறதால வராது."

கொஞ்ச நேரம் என் வளையலைத் திருகிக்கொண்டே இருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "அப்போ அப்பா மக்கிடுவாரா?"

பொய் சொல்ல நாக்கு துறுதுறுத்தது. "ஆமா" என்றேன்.

"மூஞ்சியுமா?"

"மூஞ்சியும்தான்டி கண்ணு."

அப்போதுதான் அழுதாள். கல்லறைத் தோட்டம் முழுக்கக் கேட்கிற மாதிரி, அப்பா அப்பா என்று, மூச்சு வாங்க மூச்சு வாங்க. எதற்காக அத்தனை மாதம் மாதாவிடம் கெஞ்சினேனோ, அதை என் காதால் கேட்க முடியவில்லை. நானும் சேர்ந்து அழுதேன்.

மேஸ்திரி கரண்டியோடு வந்து சற்றுத் தள்ளி நின்றார். "கலவை இறுகிக்கினு கீதும்மா. போடட்டுமா, வாணாவா?" என்றார். நான் வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் அவள் என் தோளிலிருந்து முகத்தை எடுக்காமலே சொன்னாள்.

"போடச் சொல்லும்மா."