வளையம் வைத்த உத்திரம்

எங்கள் ஊர் வேதக்கோவிலுக்கு நீளம் உண்டு, அகலம் கிடையாது. பனவடலிசத்திரத்திலிருந்து பிரியும் மண் சாலையில் புதிதாக வருகிறவர்கள் அதைப் பருத்திக் கிட்டங்கி என்று நினைப்பார்கள். முகப்பில் சிலுவையைப் பார்த்த பிறகு அவசரமாகச் செருப்பைக் கழற்றுவார்கள். சுவர் இடுப்பளவுதான். அதற்கு மேல் பனைத்தூண்கள், தூண்களுக்குக் குறுக்கே பனை உத்திரங்கள், அதற்கும் மேல் ஓடு. எந்த என்ஜினியரும் படம் வரையவில்லை. வீட்டுக்கு ஓர் உத்திரம் என்பதுதான் படம்.

பீடம் கிழக்குக் கோடியில். முதன்முதலில் கிறிஸ்தவ வேதத்துக்கு வந்த வீட்டின் உத்திரம் அதற்கு நேர் மேலே கிடந்தது. பிறகு அண்ணன் தம்பி பிரிந்து யாராவது தனியாக உலை வைத்தால், மேற்கே இரண்டு தூண்களை நட்டு, அந்த வீட்டின் பேரில் ஓர் உத்திரத்தை ஏற்றி, கோவிலை ஓர் அங்கணம் நீட்டிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை அவரவர் உத்திரத்துக்குக் கீழே அவரவர் பாய். ஊரில் குடும்பம் பெருகப் பெருகக் கோவில் வாசல் ரோட்டை நோக்கி நகர்ந்துகொண்டே வந்தது. எல்லாக் கோவிலும் இப்படித்தான் கட்டுவார்கள் என்று வெகுநாள் நம்பியிருந்தேன்.

நான் ஆறாவது படித்தபோது அப்பா பெரியப்பாவிடமிருந்து தனியாக வந்தார். பாகம் பிரித்ததில் பனைகள் நின்ற பக்கம் பெரியப்பாவுக்கும் கிணற்றுப் பக்கம் எங்களுக்கும் வந்தது. அப்போது அது யாருக்கும் பெரிய விஷயமாகப் படவில்லை. அறுப்பின் பண்டிகைக்கு முன்னால் கோவில் ஓட்டைப் பிரித்து மாற்றப்போகிறார்கள், அதோடு புது அங்கணமும் போடுவார்கள் என்று தெரிந்த பிறகுதான் அப்பாவுக்கு உறக்கம் கெட்டது. எங்களிடம் உத்திரத்துக்கு மரம் இல்லை.

அப்பா யூனியன் ஆபீஸில் கிளார்க். இரும்புக் குழாய் போட்டுக்கொள்ளலாமா என்று கோயில்பிள்ளைத் தாத்தாவிடம் கேட்டார். கோவிலைத் திறந்து, பெருக்கி, மணியடிப்பது அவர்தான் என்றாலும், சபையில் கடைசிச் சொல்லும் அவருடையதுதான்.

“இரும்ப மேல ஏத்துனா இடி நம்மளத் தேடி வரும் வே. மரம்னா மரந்தான்” என்றுவிட்டார் அவர்.

பெரியம்மா இதைவிடச் சுருக்கமாகச் சொன்னாள். தண்ணீர்க் குழாயடியில், அம்மாவின் காதில் விழும்படி: “வெறுங்கையோட வந்தவளுக்கு எங்கேருந்து வரும் மரம்?”

அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அவள் சிவகிரிக்காரி. திருநீறு பூசும் வீட்டில் பிறந்தவள். அப்பாவைக் கட்டிக்கொண்டு வேதத்துக்கு வந்த நாளிலிருந்து அவளுடைய ஒரே அண்ணன் அவளோடு பேசுவதில்லை. அவருக்குச் சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உரக்கடை இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு எங்கள் பஸ் வரும்வரை நான் அந்தக் கடையில் யூரியா மூட்டை மேல் உட்கார்ந்திருப்பேன். மாமா பால்பன் வாங்கித் தருவார். “வீட்டுல எல்லாரும் சொகமா?” என்று கேட்பார். அந்த எல்லாருக்குள் அம்மாவும் உண்டா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கும். இருந்தாலும், சொகம் என்று பொதுவாகச் சொல்லிவைப்பேன். மாமா கடைக்குப் போனாயா என்று அம்மா ஒருநாளும் கேட்டதில்லை. பள்ளிக்கூட நாட்களில் என் தலையை மட்டும் கூடுதலாக எண்ணெய் வைத்துப் படிய வாரிவிடுவாள்.

மரம் இல்லாத கதையை மாமாவிடம் சொன்னது நான்தான். சொல்லலாமா கூடாதா என்று பால்பன் முடியும்வரை யோசித்து, முடிந்ததும் சொல்லிவிட்டேன். பெரியம்மா சொன்னதையும் சேர்த்து. மாமா தராசை அப்படியே விட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

“உங்க கோவில்ல குறுக்க எத்தன பாய் விரிப்பீங்க?”

நாலு என்றேன். நடுவில் நடக்க வழி விடுவோமே, அதையும் சேர்க்கவேண்டுமோ என்று பஸ்ஸில் ஏறிய பிறகு கவலைப்பட்டு, அடுத்த நாள் போய்த் திருத்திச் சொன்னேன்.

ஒரு சனிக்கிழமை காலை மாமா மினி லாரியில் வந்து இறங்கினார். நெற்றியில் திருநீறு பளிச்சென்று இருந்தது. லாரியில் ஒரே ஒரு மரம். பனை இல்லை, தேக்கு. அடுப்புப் புகை ஏறிக் கறுத்து, மழமழவென்று இருந்தது. நடுவில் அதன் அடிப்பக்கத்தில் கட்டைவிரல் தடிமனில் ஓர் இரும்பு வளையம் தொங்கியது.

மாமா வாசல்படிக்கு வெளியே நின்றுகொண்டார். அம்மா நடையில் நின்றாள். இடையே பத்தடி கூட இருக்காது. நான் நடுவில் நின்றேன்.

“ஏட்டி, உங்க அம்மாட்ட சொல்லு. இது மர டிப்போவுல கெடந்த மரம். யாரு வீட்டு மரம்னு யாரும் கேட்டா, டிப்போ மரம்னு சொல்லச் சொல்லு.”

நான் திரும்பி அப்படியே சொன்னேன். அம்மா கேட்டிருக்கத்தான் செய்தாள். ஆனாலும் நான் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தாள்.

“டிப்போக்காரன் வளையத்தக் கழட்டாமலா விப்பான்னு கேளு.”

இவ்வளவு பெரிய மரத்தைக் கொண்டுவந்தவரிடம் குறை சொல்கிறாளே என்று பயந்து, கொஞ்சம் மாற்றிச் சொன்னேன்: “மரம் ரொம்ப நல்லாருக்காம் மாமா. வளையம் மட்டும் எதுக்குன்னு கேக்கா.”

மாமா லாரியின் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். “கழட்ட மனசில்லன்னு சொல்லு.”

“டிப்போக்காரருக்குக் கழட்ட மனசில்லையாம்மா.”

அம்மா லாரியில் தொங்கிய வளையத்தைப் பார்த்தாள். பிறகு, “வீட்ட இடிச்சாச்சான்னு கேளு” என்றாள்.

“எந்த வீட்ட?”

“நீ கேளுட்டி.”

கேட்டேன். “இடிச்சாச்சு. மேல தளம் போட்டாச்சுன்னு சொல்லு. பின்னால அந்த முருங்க மட்டும் நிக்கி, அதத் தொடலன்னு சொல்லு” என்றார் மாமா.

முருங்கைக்கும் டிப்போவுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அம்மா உள்ளே போய்விட்டாள். மரம் பிடிக்கவில்லை, நான்தான் எங்கோ தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று முடிவுசெய்துகொண்டேன். சற்று நேரத்தில் காப்பி வந்தது, என் கையில். மாமா வெளியில் நின்றபடியே குடித்தார்.

கோவிலில் புதுத் தூண்கள் இரண்டும் தயாராக நின்றன. மரத்தை இறக்கியதும் ஊரே கூடிவிட்டது. “பனைக்கு நடுவுல தேக்கா?” என்றார் ஒருவர். பெரியம்மாவின் கண் மரத்தில் இல்லை, மாமாவின் நெற்றியில் இருந்தது. “கோவிலுக்கு வார மரம் எந்த வீட்டு மரம்னு கேக்க வேண்டாமா?”

அம்மா தரையைப் பார்த்தாள். அந்த மரம் திரும்பிப்போனால் வேறு மரம் கிடையாது. எல்லாரும் அவரவர் உத்திரத்துக்குக் கீழே போய் உட்கார, நாங்கள் மறுபடியும் பெரியப்பா பாயின் ஓரத்தில் ஒண்டவேண்டும். இதெல்லாம் எனக்கும் தெரிந்தது. ஒப்பித்துப் பழகிய வேகத்தில், “டிப்போ மரம் பெரியம்மா” என்றேன் சத்தமாக.

கோயில்பிள்ளைத் தாத்தா மரத்தைச் சுற்றி நடந்தார். வளையத்தை ஒரு விரலால் ஆட்டிப் பார்த்தார். பிறகு மாமாவையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். இருவருக்கும் ஒரே மூக்கு. அதை மறைக்க முடியாது.

“பிள்ள சொல்லுதுல்லா, டிப்போ மரம்னு. இனி மரத்துக்கு ஞானஸ்நானம் வேற குடுக்கணுமா வே? கயிறக் கட்டுங்க.”

ஆசாரி உளியை எடுத்தார். “வளையத்தத் தட்டி எடுத்திருதேன். தலையில இடிக்கும்.”

“இருக்கட்டும்” என்றாள் அம்மா. அன்று கோவிலில் அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான். அவ்வளவு உயரத்தில் அது யார் தலையில் இடிக்கும் என்று ஆசாரியைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

உத்திரத்தை ஏற்றும்போது அடிமுனையை அந்த வீட்டுக்காரர்கள்தான் தாங்கவேண்டும் என்பது வழக்கம். அப்பா ஒரு பக்கம் பிடித்தார். அம்மா மறுபக்கம். நான் அம்மாவின் கைக்கு அடியில் என் கையை நுழைத்துக்கொண்டேன். கயிறு இழுக்க ஆள் போதவில்லை என்று அப்பாவை மேலே கூப்பிட்டார்கள். அந்த இடம் காலியானது. மாமா செருப்பைக் கழற்றிவிட்டு வந்து பிடித்துக்கொண்டார். மரம் மெல்ல எழுந்தது. ஒரு கட்டத்தில் சற்று வழுக்கி எங்கள் பக்கம் சாய்ந்தது.

“ஏட்டி, கையப் பாத்து!” என்றார் மாமா.

என்னை அவர் ஏட்டி என்றுதான் கூப்பிடுவார். ஆகவே, “நல்லாப் புடிச்சிருக்கேன் மாமா” என்றேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. அம்மா மட்டும் மரத்திலிருந்து கண்ணை எடுக்காமல், “சரிண்ணே” என்றாள். எனக்குச் சொன்னதற்கு இவள் ஏன் பதில் சொல்கிறாள் என்று நினைத்தேன். கொஞ்சம் கோபம்கூட வந்தது.

மதியம் எங்கள் வீட்டில் மாமா உட்கார்ந்து சாப்பிட்டார். அதற்குப் பிறகு என் வழியாக யாரும் எதுவும் சொல்லி அனுப்பவில்லை. ஒரு முக்கியமான வேலை என் கையைவிட்டுப் போனதுபோல் இருந்தது. நான் ஏதோ சரியாகச் செய்யாததால்தான் எடுத்துக்கொண்டார்கள் என்று நினைத்திருந்தேன்.

இப்போது சங்கரன்கோவிலில் வாடகை வீட்டில் இருக்கிறோம். எனக்கு மகள் பிறந்தபோது தளத்தில் கொக்கி அடிக்க வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. ஸ்டாண்டு வைத்த தொட்டில் வாங்கினோம். அது தாங்குமா, கால் வழுக்குமா, ஸ்பிரிங் தெறிக்குமா என்று மணிக்கொரு தரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா வந்திருந்தாள். அவள் குழந்தையாக இருந்தபோது தொட்டிலை எதில் கட்டினார்கள் என்று கேட்டேன். குழந்தையின் துணிகளை மடித்துக்கொண்டே சொன்னாள்:

“கோவில்ல நம்ம உத்திரத்துல வளையம் கெடக்குல்லா, அதுலதான். எங்கண்ணனையும் அதுலதான் போட்டாங்க. நான் அழுதா ஆட்டிவிடுதது அண்ணன்தான்.”

சொல்லிவிட்டு அடுத்த துணியை எடுத்தாள்.