பிழை மேல் வரியில்

முகப்பேர் ஃப்ளாட்டில் மகள் எழுதிய விளையாட்டு ப்ரோகிராம் ஓடவில்லை. அதில் கிளாஸ் எனும் பகுதி முடியும் இடத்தில் செமிகோலன் போட மறந்திருந்தாள். ப்ரோகிராமைச் சரிபார்க்கும் கம்பைலரோ அடுத்த வரியில் பிழை என்றது.

"மேல் வரியப் பாரு," என்றேன். அது என் அண்ணனின் பேச்சு.

நான் சிறுமியாக இருந்தபோது, அம்பத்தூர் வீட்டின் தைல நெடியில், பழைய கம்ப்யூட்டரில் இதே பிழையோடு மல்லுக்கட்டினான் அண்ணன். ஒருவழியாக விளையாட்டு ஓடியது. அதில் ஓடும் பொம்மைக்கு அம்மா என்று பெயர். முள்ளில் மோதினாள், பள்ளத்தில் விழுந்தாள். ஆட்டத்தில் அவளுக்கிருந்த மூன்று உயிரும் அப்படியே இருந்தன.

"இன்னாண்ணா, உயிர் கொறையவே இல்ல? தப்பா கீது."

"தப்பு இல்ல. கொறைக்கிறத நான் எழுதல."

உள்ளறையில் அம்மா இருமிக்கொண்டிருந்தாள். அந்த மாதமே போய்விட்டாள்.

"ஓடுதும்மா," என்றாள் மகள், செமிகோலனைப் போட்டுவிட்டு. "முள்ளு குத்தினா ஒரு உயிர் கொறைச்சிடட்டுமா?"

"பொம்மைக்கு என்ன பேரு வெச்சிருக்க?" என்று கேட்டேன்.