மூன்று பக்கத் தீர்ப்பு

உச்ச நீதிமன்ற ஊழியர்கள் அவருக்கு வைத்திருந்த பட்டப்பெயர் 'திருத்தல் திலகம்'. முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. ஆனாலும் அவருக்குத் தெரியும். உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. கோர்ட்டு வராந்தாவில் நின்று கட்சிக்காரர்களின் பெயரைக் கூவும் டவாலிக்குப் பிறந்தவர் அவர். படிப்படியாக ஏறி நாட்டின் கடைசிக் கோர்ட்டுக்கே நீதிபதியாக வந்த பிறகும், டவாலி மகன் எழுத்தில் ஒரு பிழை கண்டோம் என்று எவனும் பல்லைக் காட்டிவிடக் கூடாதே என்ற பயம் மட்டும் போகவில்லை. கடைசியில் அது ஒரு கொத்தனாரின் தலையில் விடிந்தது.

கொலை வழக்கில் பதினான்கு வருடமாகச் சிறையில் கிடந்தவன். மேல்முறையீட்டை விசாரித்து முடித்த அன்றே நீதிபதிக்கு வெட்டவெளிச்சமாகிவிட்டது, இவன் அதைச் செய்யவில்லை. மாலையே ஸ்டெனோ அம்மாவை உட்காரவைத்து மூன்று பக்கம் சொன்னார். கடைசி வரி: 'உடனே விடுதலை செய்க.' உடன் விசாரித்த நீதிபதியும் தலையாட்டிவிட்டார்.

கையெழுத்துப் போட்டிருக்கலாம். மனுஷன் போடவில்லை. நாளைக்குச் சட்டக் கல்லூரியில் பாடமாகப்போகும் தீர்ப்பை இப்படி மொட்டையாகவா விடுவது? மூன்று பக்கம் முப்பதாயிற்று, நூறாயிற்று. ஒரு பத்தியைத் தூக்குவார். இரண்டு நாள் கழித்து அதையே திரும்பச் செருகுவார்.

"ஐயா, அந்தாளு இன்னும் உள்ளதான் இருக்காரு," என்றார் ஸ்டெனோ அம்மா.

"தெரியும்மா. ஒரே ஒரு வாரம்."

எட்டு மாதம் போயிற்று. தீர்ப்புக்கு நாள் குறித்த பிறகு சிறையிலிருந்து கடிதம் வந்தது. நெஞ்சுச்சளி முற்றிக் கொத்தனார் இறந்துவிட்டார்.

ஸ்டெனோ அம்மா கடைசிப் பக்கத்தைக் கொண்டுவந்து வைத்தார். "இந்த வரிய மாத்தணுங்கய்யா."

எட்டு மாதத்தில் நீதிபதி கை வைக்காத வரி அது ஒன்றுதான். விடுதலை செய்ய ஆள் இல்லை என்பதால் அதை அடித்தார். அழுகை வந்தது, அடக்கிக்கொண்டார்.

புருஷன் பெயரில் இருந்த களங்கமாவது போகட்டும் என்று மனைவி வழக்கை ஏற்று நடத்தியதால், நூற்று நாற்பது பக்கத்தையும் நீதிபதி கோர்ட்டில் வாசித்தார். வக்கீல்கள் ஆஹா ஓஹோ என்றார்கள். அந்த அம்மாள் எழுந்து முன்னால் வந்து, தன் வக்கீலிடம் தணிந்த குரலில் கேட்டாள்:

"இம்புட்டும் எழுதினாத்தான் விடுவாங்களா சார்?"

வக்கீல் காகிதங்களை அடுக்கத் தொடங்கினார். மேடையில் இருந்தவருக்கும் அது கேட்டது. மூணு பக்கமே போதும்மா என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டார்.