சோதி அக்கா மகளுக்கென்று பிடித்து வைத்திருந்த வயல்

சோதி அக்கா போய்விட்டார்.

எலிக்காய்ச்சலாம். காய்ச்சல் தொடங்கியதும் பனடோலைப் போட்டுக்கொண்டு வயலுக்குத்தான் போயிருக்கிறார்... ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரும்போது கண்ணெல்லாம் மஞ்சளாம். வயல் தண்ணியில் இருந்து வருகிற காய்ச்சல் அது.

நேற்றுக் கரடியனாற்றுக்குப் போய்ச் செத்த வீட்டில் இருந்துவிட்டு வந்தேன். கல்லடி வீட்டுக்குத் திரும்பியதில் இருந்து ஒரு வேலையும் ஓடவில்லை. ஆரிடமாவது சொல்ல வேண்டும் போல இருக்கிறது, அதுதான் இங்கே எழுதுகிறேன்.

அக்காவைத் தெரியாதவர்களுக்கு... நானும் அவரும் ஓர் ஆய்வு புரொஜெக்டில் ஒன்றாக வேலை செய்தவர்கள். "விவசாயத்தில் பெண்களின் மாறிவரும் வகிபாகம்." இந்தத் தலைப்பை யாராவது முழுசாகச் சொன்னால் அக்காவுக்குக் கொட்டாவி வந்துவிடும்.

மட்டக்களப்பு டவுனில் ஒபிஸ். வேலை என்னவோ ஊர் ஊராக. நான் எழுதுவேன், அவர் ஆட்களைக் கதைக்க வைப்பார்.

கதைக்க வைப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. பெண்களுக்குக் கூட்டம் என்று அறிவித்தால் ஆம்பிளைகள் வந்து முன்வரிசையில் இருப்பார்கள். களை பிடுங்குவது யார் என்று பெண்களைப் பார்த்துக் கேட்டால், ஒரு நாளும் பிடுங்காத வாய்தான் பதில் சொல்லும்.

அக்கா அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். எங்கள் வேன் ஓட்டிய ஏறாவூர் நானாவை வெளியே மரத்துக்குக் கீழே கதிரை போட்டு இருத்தி, கையில் ஒரு பைலையும் கொடுத்து, எந்த உரம் நல்லது என்று மட்டும் ஆம்பிளைகளிடம் கேட்கச் சொன்னார்.

அவ்வளவுதான். முன்வரிசை முழுக்க மரத்தடிக்குப் போனது. பின்னேரம் வரை அங்கே உரச் சண்டை.

மண்டபத்துக்குள் பெண்கள் ஆறுதலாகக் கதைத்தார்கள். களைக்கு மருந்து அடிக்கத் தொடங்கியதும் பிடுங்குகிற கூலி போனதை... வெட்டுகிற மெசின் வந்ததும் அந்தக் கூலியும் போனதை... புருசன் வெளிநாட்டுக்குப் போன வீடுகளில் விதைப்பில் இருந்து விற்கிறது வரை எல்லாம் தங்கள் தலையில் விழுந்ததை.

நானா வேனில் ஏறியதும், இப்ப தானும் வயல் செய்யலாம் போல இருக்கிறது என்றார். பாவம் மனுசன், களைத்துப் போயிருந்தார்.

அக்காவின் கதையும் அதேதான். புருசன் கட்டாரில். வயல் அக்காவுக்குச் சீதனமாக வந்தது. எங்கள் பக்கம் காணி பூமி பெண்பிள்ளைக்குத்தானே... தாயினுடையது மகளுக்கு. ஆனால் காணி உறுதிப் பத்திரத்தில் பெண்ணின் பெயர் இருக்கும், வரம்பில் ஆம்பிளை நிற்பார். அக்கா வரம்பிலும் தானே நின்றார்.

ஒரு அறுவடைக்கு வந்த மெசின்காரன், பேசுவதற்கு வீட்டில் ஆம்பிளை ஆட்கள் இல்லையா என்று கேட்டானாம். "இரிக்கார், கட்டார்ல. கோல் எடுத்துத் தரட்டா?" என்றாராம் அக்கா. அதைச் சொல்லிச் சொல்லி ஒபிசில் சிரித்திருக்கிறோம்.

ஒருநாள் அக்காவையே பேட்டி எடுக்கிறேன் என்றேன். தனியாக நின்று வயல் செய்கிற பெண்... ரிப்போர்ட்டுக்கு வேறென்ன வேண்டும்?

அவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"வேணாம் புள்ள. என்னக் கேட்டா மெய்யச் சொல்லிப்போடுவன். எனக்கு வயல் செய்ய விருப்பமே இல்ல. அலுத்துப் போச்சி. ஆனா ஒருக்காக் கொழுந்தன்ட கையில குடுத்தா அது திரும்ப வராது. மகள்ட கையில குடுக்கிற வரைக்கும் புடிச்சிக்கிட்டு நிக்கன்."

எந்தக் கேள்விக்குக் கீழே இதை எழுதுவது... எழுதவில்லை.

புரொஜெக்ட் முடிந்தது. நான் வேறொரு ஒபிசுக்குப் போனேன், அக்கா வயலோடு நின்றுவிட்டார். போன் எடுத்தால் யானை, பூச்சி, மழை என்பார். நான் மீட்டிங், டெட்லைன் என்பேன். இரண்டு பேரும் மாறி மாறிப் பெருமூச்சு விட்டுவிட்டு வைப்போம்.

நேற்று அங்கே புருசன் வீடியோ கோலில் இருந்தார். போனை ஒரு கதிரையில் சாத்தி வைத்திருந்தார்கள். லீவு கிடைக்கவில்லையாம். அந்தச் சின்னத் திரைக்குள் இருந்து அவர் அழுதது இன்னும் காதுக்குள் நிற்கிறது.

கொழுந்தன்தான் ஓடியாடி எல்லாம் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் இல்லை. எல்லாம் முடிந்து சனம் கலைந்த பிறகு மகளுக்குப் பக்கத்தில் வந்து இருந்தார். டவுனில் ஒரு பார்மசியில் வேலை செய்கிற பிள்ளை அவள்.

"பயிர் குடலையில நிக்கி மகள், கதிர் வாற நேரம். தண்ணி பாய்ச்சாட்டி எல்லாம் பதராப் போயிரும். இந்தப் போகம் மட்டும் நான் பாக்கட்டா?"

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"இந்தப் போகம் எண்டில்ல சித்தப்பா. நீங்களே செய்யுங்க. எனக்கு ஏலா."

அம்மா அதை உனக்கென்றுதான் பிடித்து வைத்திருந்தார் என்று சொல்ல வாயெடுத்தேன்...

தாயைக் கொண்டுபோன தண்ணிக்குள் இறங்கு என்று அந்தப் பிள்ளைக்கு எந்த வாயால் சொல்வது? அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். பிறகு பஸ்சுக்கு நேரமாகிவிட்டது.

போங்க அக்கா.

மகளோட மட்டும் கோவிக்காதிங்க.