தையல்காரரின் சைகைகள்

காது கேளாதோர் பள்ளியில் அவளுக்குக் கைப்பேச்சு டீச்சர் என்றுதான் பெயர். காது கேளாத வயதானவர்கள் தங்களுக்குள் பேசும் சைகைகளை வீடியோ எடுத்து, அகராதியாகத் தொகுத்து வந்தாள். கணவன் அதைச் 'சக்களத்தி' என்பான்.

அந்தக் கணவனின் கால்தான் ஒரு காலையில் வயரில் சிக்கியது. மேசையிலிருந்த ஹார்டு டிஸ்க் தரையில் விழுந்தது. அவன் முகம் வெளிறியது.

"பதறாதீங்க. பேக்கப் இருக்கு."

அலமாரியிலிருந்த இன்னொரு டிஸ்க்கை மாட்டினாள். எல்லாம் அச்சுக் குலையாமல் வந்தன. ஆனால் கடைசியாகப் பிரதி எடுத்த நாளோடு நின்றுவிட்டன. அதற்குப் பின் எடுத்த தையல்காரரின் வீடியோ ஒன்றுகூட இல்லை.

"சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்," என்று கணவன் முனகினான்.

தையல்காரர் பிறவியிலேயே காது கேளாதவர்; தையல் கடைகளில் அவரைப் போன்றவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்ட சைகைகளை அவர்தான் செய்து காட்டியிருந்தார். வீடியோ எடுத்து முடித்த பிறகு பக்கவாதம் வந்து, அவருடைய வலது கை அசையாமல் போயிருந்தது. மறுபடி எடுக்க வழியில்லை.

விழுந்த டிஸ்க்கை மாட்டினாள். உள்ளே எதுவோ டக் டக்கென்று தட்டியது. சட்டென்று பிடுங்கி, துணியில் சுற்றி, பழுதுபார்க்கும் பெண்ணிடம் கொண்டுபோனாள்.

"எடுத்து வெச்சதை அப்படியே திருப்பி வைக்கிறதுதான் நீங்க வீட்டுல செஞ்சது. இது வேற வேலைங்க. உடைஞ்சதுக்குள்ள இருந்தே தோண்டி எடுக்கணும். எவ்வளவு தேறும்னு இப்ப சொல்ல முடியாது."

"தேறுறதை எடுத்துக் குடுங்க. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

தேறிய கோப்புகளின் பெயர்கள் எல்லாம் அழிந்திருந்தன. பல வீடியோக்களில் கை பாதி உயர்ந்து நின்றுபோயிருந்தது. ஒவ்வொன்றாகப் பார்த்து அவளே பெயரிட்டாள். பிறகு லேப்டாப்போடு தையல்காரர் வீட்டுக்குப் போனாள்.

திரையில் ஓடிய தன் வலது கையை அவர் வெகுநேரம் பார்த்தார். காட்டியிருக்கக் கூடாதோ என்று அவள் தவித்தாள். அவரோ இடது கையால் மனைவியின் தோளைத் தட்டி, நீ செய் என்று காட்டினார்.

"கட்டிக்கிட்ட நாள்ல இருந்து சண்டை போட்டே கத்துக்கிட்டதும்மா, எனக்கு வராதா?" என்று அந்த அம்மாள் கேமராவுக்கு முன் உட்கார்ந்தாள். முதல் சைகையிலேயே அவர் தலையை ஆட்டி மறுத்து, மனைவியின் சுண்டுவிரலைப் பிடித்து மடக்கினார்.

"பாத்தியாம்மா, இப்பவும் குத்தம்தான்!"

பாதியில் நின்றவை இப்படி முழுமையாயின. முற்றிலும் அழிந்த சில, இருவர் நினைவுக்கும் எட்டவில்லை. அவற்றை அறிந்திருக்கக்கூடிய, காது கேளாத மற்ற தையல்காரர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று டீச்சர் அவர்களிடம் விசாரித்துக்கொண்டாள். எழுந்திருக்கும் முன், அன்று எடுத்ததை இரண்டு டிஸ்க்கில் ஏற்றி, ஒன்றை அந்த வீட்டிலேயே கொடுத்துவிட்டு வந்தாள்.