சதகுப்பை போட்ட வெள்ளரிக்காய்

1. தை மாதம் எனக்குக் கல்யாணம் ஆனது. அவருக்கு ஜெர்மனியில் வேலை.
2. கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் என் சென்னை வேலையை விட்டேன். இரண்டு மாதத்தில் விசா வந்துவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள்.
3. பதினெட்டாம் நாள் அவர் மட்டும் விமானம் ஏறினார். நான் கும்பகோணத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மாமனார் மாமியார் வீட்டுக்கு வந்தேன்.
4. சித்திரையில் ஜெர்மன் மொழித் தேர்வில் முதல் நிலை தேறினேன்.
5. ஆனியில் சென்னைக்குப் போய் விசாவுக்கான காகிதங்களைக் கொடுத்துவிட்டு அன்றே திரும்பினேன்.
6. அதன் பிறகு எதுவும் நடக்கவில்லை.
7. கார்த்திகை பிறந்ததும் பழைய மேலாளர் போன் செய்தார்.
8. அந்த வார ஞாயிற்றுக்கிழமை வெள்ளரிக்காய் சாலட் செய்தேன்.

ஆறாவது வரிதான் நீளமானது. ஐந்து மாதம். தினமும் காலையில் இணையதளத்தைத் திறந்து என் விண்ணப்ப எண்ணைப் போடுவேன். 'பரிசீலனையில்' என்று வரும். மூடிவிடுவேன்.

என் கட்டிலுக்கு அடியில் ஒரு பெட்டி இருக்கிறது. மாசி மாதமே அடுக்கி, கொக்கித் தராசில் தொங்கவிட்டுச் சரியாக இருபத்து மூன்று கிலோவுக்குக் கொண்டுவந்த பெட்டி. உள்ளே என்னென்ன இருக்கிறது என்று ஒரு பட்டியலும் ஒட்டியிருக்கிறேன். வீட்டில் துண்டு பற்றாதபோது பெட்டியிலிருந்து இரண்டு புதுத் துண்டை எடுத்தேன். சாம்பார்ப் பொடி பழசாகிவிட்டது என்று அத்தை வெளியே எடுத்துப் போட்டார். இட்லித் தட்டு பக்கத்து வீட்டு விசேஷத்துக்குப் போய், திரும்பி வந்து, அடுப்படியிலேயே தங்கிவிட்டது. எடுத்த ஒவ்வொன்றையும் பட்டியலில் அடித்தேன். ஐப்பசியில் நிறுத்துப் பார்த்தபோது பதினேழரை கிலோ.

இந்த வீட்டில் யாரும் என்னைக் கொடுமைப்படுத்தவில்லை. அதை முதலில் எழுதிவிட வேண்டும். அத்தை என்னை அடுப்படியில் நிற்க விடமாட்டார். "நீ போய்ப் படிம்மா, நாளைக்கு அங்க போய் எல்லாம் நீதானே செய்யப் போறே" என்பார். கடைக்குப் போகிறேன் என்று சொன்னால் மாமா சட்டையை மாட்டிக்கொண்டு மொபெட்டை எடுத்துவிடுவார். ஒரு சோப்பு வாங்கக்கூட நான் நடந்ததில்லை. பத்து மாதத்தில் வாய்க்கால் பாலத்தைத் தாண்டித் தனியாக ஒரு தடவையும் போகவில்லை. சம்பா நட்ட பிறகு வீட்டின் மூன்று பக்கமும் தண்ணீர். நாலாவது பக்கம் பாலம்.

என் வேலை, தொழிற்சாலை இயந்திரங்களுக்குக் கட்டுப்பாட்டு நிரல் எழுதுவது. எந்த மோட்டார் எப்போது ஓட வேண்டும், எது நின்றால் எது நிற்க வேண்டும் என்று எழுதிக் கொடுப்பேன். பழைய பிரிவை விரிவாக்குகிறார்கள், அந்த நிரலை எழுதியவர் யாராவது வேண்டும், ஒன்றாம் தேதி சேர முடியுமா என்று மேலாளர் கேட்டார். அடுத்த திங்கட்கிழமைக்குள் பதில் வேண்டும். இல்லையென்றால் வேறு ஒருவரைப் பார்த்துவிடுவார். அவர் பேசிய நாலு நிமிடமும் நான் நின்றுகொண்டே பேசினேன். போனை வைத்த பிறகுதான் அது தெரிந்தது.

அன்றே கணவரிடம் சொன்னேன். என் இஷ்டம்தான் என்றார். ஆனால் அம்மா அப்பா என்ன நினைப்பார்கள் என்று பார்த்துக்கொள்ளச் சொன்னார். கல்யாணமான பெண் சென்னையில் தனியாக இருக்கிறாள் என்றால் நாலு பேர் கேட்பார்கள், அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும் என்றார். பிறகு பேச்சை மாற்றி ஒரு படம் அனுப்பினார்.

அவர் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்கார அம்மா ஜெர்மனில் கைப்பட எழுதிக் கொடுத்த சமையல் குறிப்பு அது. ஞாயிறு மதியம் அந்த அம்மா இவருக்கு ஒரு கிண்ணம் வெள்ளரிக்காய் சாலட் கொடுப்பாராம். நான் போகும்போது அதைச் செய்து காட்டினால் சந்தோஷப்படுவார் என்றார். அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். வெள்ளரிக்காயைத் தாள் மாதிரி சீவ வேண்டும். உப்புப் போட்டு அரை மணி நேரம் வைத்து, வரும் தண்ணீரைப் பிழிந்துவிட வேண்டும். புளித்த பாலேடு, காடி என்கிற வினிகர் கொஞ்சம், ஒரு சிட்டிகை சர்க்கரை, மிளகு, பொடியாக நறுக்கிய ஒரு கீரை. குளிர வைத்துப் பரிமாற வேண்டும்.

புளித்த பாலேட்டுக்குப் பதில் துணியில் கட்டித் தொங்கவிட்ட தயிரும் வீட்டுப் பாலாடையும். காடிக்குப் பதில் எலுமிச்சை. அந்தக் கீரைக்குத் தமிழில் சதகுப்பை என்று அகராதி சொன்னது. கீரையாக இங்கே கிடைக்காது, நாட்டு மருந்துக் கடையில் விதை கிடைக்கும் என்று இணையத்தில் பார்த்தேன். விதையை வறுத்துத் தூவிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். சனிக்கிழமை மாமா உரம் வாங்கக் கும்பகோணம் போனபோது சீட்டு எழுதிக் கொடுத்தேன். வெள்ளரிக்காய் நான்கு. எலுமிச்சை மூன்று. சதகுப்பை ஐம்பது கிராம்.

மாமா சீட்டைப் படித்தார். இன்னொரு முறை படித்தார். மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

திரும்பி வந்ததும் பையை என்னிடம் கொடுக்காமல் அத்தையிடம் கொடுத்தார். காபிகூடக் குடிக்காமல் வயலுக்குப் போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து அத்தை என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். இந்த வீட்டில் பகலில் கதவு சாத்தி நான் பார்த்ததில்லை.

"உடம்புக்கு என்னம்மா பண்ணுது?"

"ஒண்ணுமில்லையே அத்தை."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? மாமாகிட்டயா எழுதிக் குடுப்பாங்க?"

எனக்குப் புரியவில்லை. அத்தைதான் மெதுவாக விளக்கினார். சதகுப்பையைப் பிள்ளை பெற்றவளுக்குக் கஷாயம் வைத்துக் கொடுப்பார்கள். இல்லையென்றால் மாதவிலக்கு தள்ளிப் போனவளுக்குக் கொடுப்பார்கள். வேறு எதற்கும் இந்தப் பக்கம் யாரும் அதை வாங்குவதில்லை. கடைக்காரர் பொட்டலம் மடித்துக்கொண்டே, மருமகளுக்கா என்று மாமாவைக் கேட்டிருக்கிறார். எத்தனை நாள் தள்ளியிருக்கிறது என்று கேட்டிருக்கிறார். கடைசியாக, பையன் ஊரிலிருந்து வந்திருக்கிறானா என்றும் கேட்டிருக்கிறார். கடையில் நாலைந்து பேர் இருந்தார்களாம். மாமா மீதிச் சில்லறை வாங்காமல் வந்துவிட்டார்.

நான் போனை எடுத்து அந்தக் குறிப்பின் படத்தைக் காட்டினேன். ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். வெள்ளரிக்காய். உப்பு. பாலேடு. சதகுப்பை. அத்தைக்குச் சிரிப்பு வந்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். "பாவம் மனுஷன், வரப்புல போயி ஒளிஞ்சிட்டிருக்காரு" என்றார். நானும் சிரித்தேன்.

சிரிப்பு அடங்கியதும் என்னைப் பார்த்தார். "வேற ஒண்ணும் இல்லையே?"

கதவு சாத்தியிருந்தது. அதனால் சொன்னேன். மேலாளர் கூப்பிட்டதைச் சொன்னேன். ஒன்றாம் தேதி, திங்கட்கிழமைக்குள் பதில், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அத்தை கட்டில் விரிப்பின் ஓரத்தை நீவிக்கொண்டே கேட்டார். அவனிடம் சொன்னாயா என்றார். சொன்னேன், உங்களைக் கேட்கச் சொன்னார் என்றேன். அவர் எழுந்துகொண்டார்.

"நான் என்னத்தம்மா சொல்றது. மாமாவைக் கேளு."

சாயங்காலம் மாமா மடையில் நின்று தண்ணீரை வடியவிட்டுக்கொண்டிருந்தார். புயல் சின்னம் என்று செய்தியில் சொல்லியிருந்தார்கள். நான் வரப்பில் நின்று முதலில் சதகுப்பைக்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் கையை ஆட்டி அதைத் தள்ளினார். பிறகு வேலையைப் பற்றிச் சொன்னேன். அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார்.

"எனக்கொண்ணும் இல்லம்மா. அவன் சரின்னா சரி."

எங்கள் தொழிலில் இதற்கு இன்டர்லாக் என்று பெயர். முதல் மோட்டார் ஓட வேண்டுமானால் இரண்டாவதிலிருந்து அனுமதி வர வேண்டும். இரண்டாவதற்கு மூன்றாவதிடமிருந்து வர வேண்டும். அவசரத்தில் எழுதும் நிரலில், மூன்றாவது மோட்டார் முதல் மோட்டாரின் அனுமதிக்குக் காத்திருக்கும்படி ஆகிவிடும். எந்த மோட்டாரும் பழுதில்லை. எந்த விளக்கும் சிவப்பாக எரியாது. ஒன்றும் ஓடாது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் இப்படி ஒரு பிழையைத் தேடி நான் ஒரு முழு நாள் நின்றிருக்கிறேன். இங்கே யாராவது ஒருத்தர் கூடாது என்று சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். மூன்று பேரும் நல்லவர்கள். மூன்று பேரும் மற்றவரைக் கை காட்டினார்கள்.

ஞாயிறு காலை அடுப்படியை எனக்கு விட்டார் அத்தை. பத்து மாதத்தில் அதுதான் முதல் முறை. ஆனாலும் போகவில்லை. பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தார். வெள்ளரிக்காயின் காம்புப் பக்கத்தை நறுக்கி, அந்தத் துண்டாலேயே வெட்டுவாயில் வட்டமாகத் தேய்க்கச் சொன்னார். நுரை வந்தால் கசப்பு போய்விடுமாம். இதற்கு ஆதாரம் எதுவும் எனக்குத் தெரியாது. தேய்த்தேன். நுரை வந்தது.

ஊர் வெள்ளரிக்காயில் விதை அதிகம். நீளவாக்கில் பிளந்து, விதையைக் கரண்டியால் வழித்துவிட்டு, வாழைக்காய் சீவும் கட்டையில் சீவினேன். உப்புப் போட்டு மூடினேன். அரை மணி கழித்துத் திறந்தபோது துண்டுகள் துவண்டு, பாத்திரத்தில் பாதிக்குத் தண்ணீர் நின்றது. இரண்டு கையாலும் பிழிந்தேன். பிழிந்த தண்ணீரைக் கொட்டப் போன என் கையைப் பிடித்து, அதை வாங்கி மோரில் ஊற்றினார் அத்தை. துணியில் கட்டிய தயிரிலிருந்து வடிந்த தண்ணீர் அதற்கு முன்பே ரசத்துக்குப் போயிருந்தது. நான்கு வெள்ளரிக்காய் பிழிந்த பிறகு ஒரு சின்னக் கிண்ணம் அளவுதான் இருந்தது. தயிரும் பாலாடையும் அடித்துச் சேர்த்தேன். எலுமிச்சை, சர்க்கரை, மிளகு. சதகுப்பையை வெறும் சட்டியில் வறுத்து நசுக்கித் தூவினேன். சோம்பும் ஓமமும் கலந்த மாதிரி ஒரு வாசம். குளிர்பதனப் பெட்டியில் ஒரு மணி நேரம் வைத்து எடுத்தேன். வாயில் போட்டதும் சில்லென்று, புளிப்பும் இனிப்புமாக, வழவழவென்று இறங்கியது. நன்றாக இருந்தது. இதை மறைக்க வேண்டியதில்லை, மிக நன்றாக இருந்தது.

ஞாயிறு மதியம் பன்னிரண்டரைக்குக் கணவர் வீடியோவில் வருவார். அங்கே அப்போது காலை எட்டு. போனை எடுக்க என் அறைக்குப் போனேன். அங்கிருக்கும்போதே கடுகு வெடிக்கும் சத்தம் கேட்டது.

ஓடவில்லை. ஓடினாலும் பயனில்லை. நான் வரும்போது சாலட்டின் மேல் கடுகும் கறிவேப்பிலையும் சூடான எண்ணெயோடு கிடந்தன. அத்தை கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"தாளிக்காம வெக்கிறது எழவு வீட்டுலதாம்மா. நீ மொதமொதல்ல செய்யறே. அப்படியே வெச்சா நல்லாவா இருக்கும்?"

எனக்குக் கோபம் வந்தது. நானே எதிர்பார்க்காத அளவுக்கு வந்தது. என் கையில் முழுதாக முடிந்த ஒரே வேலை அது. ஆனால் அத்தையின் முகத்தில் கொஞ்சமும் குறும்பு இல்லை. நல்லது செய்துவிட்ட நிம்மதிதான் இருந்தது. இவர்கள் கேட்காமல் தாளிப்பார்கள். நான் கேட்டுக்கொண்டே நிற்கிறேன். இதுதான் வித்தியாசம் என்று தோன்றியது.

போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்தேன். மாமா சாப்பிட உட்கார்ந்தார். அத்தை பரிமாறினார். கணவர் திரையில் தூங்கி எழுந்த தலையோடு தெரிந்தார். மூன்று பேரும் ஒரே இடத்தில் இருந்தார்கள். நான் உட்காராமல் சொன்னேன்.

"நாளைக்கு அவங்களுக்குப் பதில் சொல்லணும். நான் ஒண்ணாம் தேதி வேலையில சேரப் போறேன். யாருக்காவது வேண்டாம்னா இப்பவே சொல்லிடுங்க."

அவர் அம்மாவைப் பார்த்தார். அத்தை மாமாவைப் பார்த்தார். மாமா தட்டைப் பார்த்தார். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மாமாதான் முதலில் பேசினார். "சொந்தக்காரங்க கேட்டா என்னம்மா சொல்றது?"

"விசா ஆபீஸ் சென்னையிலதான் மாமா இருக்கு. கூப்பிட்டா பக்கத்துல இருக்கலாம்னு சொல்லுங்க."

"அந்த நாட்டு மருந்துக் கடைக்காரனுக்கும் அதையே சொல்லுங்க" என்றார் அத்தை.

மாமாவுக்குப் புரையேறியது. திரையில் இருந்தவருக்கு ஒன்றும் புரியவில்லை. யாரும் அவருக்கு விளக்கவில்லை. அவர் கிண்ணத்தை உற்றுப் பார்த்து, "அம்மா, அதுல என்ன, கடுகா?" என்றார். ஆமாம், உங்கள் ஊரில் தாளிக்கத் தெரியாது என்று அத்தை பதில் சொன்னார். மாமா இரண்டாம் முறை போட்டுக்கொண்டார். வேலையைப் பற்றி அதன் பிறகு யாரும் பேசவில்லை. அத்தை அன்று சாயங்காலம் எனக்கு மட்டும் காபியில் சர்க்கரை போட மறந்தார். நான் கேட்கவில்லை. மறுநாள் போட்டார்.

திங்கட்கிழமை காலை மேலாளருக்கு வருகிறேன் என்று எழுதினேன். அரை மணியில் பதில் வந்தது. அன்று மாலை மாமா ஒரு நிபந்தனை சொன்னார். விடுதி வேண்டாம், தாம்பரத்தில் அவர் தம்பி வீட்டில் இருக்க வேண்டும். அவர்களிடம் பேசியும் முடித்துவிட்டார். தம்பி என்னைத் தினமும் அலுவலகத்தில் விட்டுக் கூட்டி வருவாராம். நான் சரி என்றேன்.

இன்று இருபத்தேழாம் தேதி. விசா பரிசீலனையில் இருக்கிறது. பெட்டியிலிருந்து குளிர் உடைகளை எடுத்து வைத்துவிட்டேன், இப்போது பதினொரு கிலோ. இட்லித் தட்டு அடுப்படியில் இருக்கிறது. நேற்றிலிருந்து மழை, வாய்க்கால் பாலத்தைத் தொட்டுத் தண்ணீர் ஓடுகிறது. முப்பதாம் தேதி ரயிலில் எனக்குக் காத்திருப்போர் பட்டியலில் பதினான்காவது இடம்.